கடைசி நிமிஷத்தில் நம்பினால் மோட்சமா?

மும்பையில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடி வாழும் இடங்களில், தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ ஆண்டாப்ஹில்லிலோ, பக்கத்து வீட்டு இந்து நண்பர்கள் அவர்களிடம் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. "வாழ்நாள் பூரா அடிச்சுப் பிடுங்கித் தின்னவன் சாகும்போது ஏசுவேன்னு சொன்னா மோட்சம். யாருக்கும் கெடுதல் நினைக்காத எங்க அப்பாவுக்கு நரகமா? இது என்ன நியாயம்ணே?" கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். கொஞ்சம் துணிச்சலானவர் சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளனைச் சாட்சிக்கு அழைப்பார். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று லூக்கா 23-இல் அவனுக்குத்தானே வாக்கு கிடைத்தது? கேட்டவருக்கு இது பதிலாகவே படாது. அவருடைய புகாரே அந்தக் கள்ளனைப் பற்றியதுதான்.

புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாவம் என்று கிறிஸ்தவம் எதைச் சொல்கிறது என்பதைத் தாண்டிவிட்டு, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் (நம் செயல்களால் இல்லாமல், நம்பிக்கையினால் கடவுள் முன் நீதிமானாக ஏற்கப்படுதல்) என்ற போதனையை மட்டும் தனியாக எடுத்து விளக்க முடியாது. நம் ஊரில் பாவம் என்றதும் மனதில் விரிவது ஒரு பேரேடு. ஒரு பக்கம் பாவம், மறுபக்கம் புண்ணியம், கணக்கெழுதச் சித்திரகுப்தன். ஞானஸ்நானம் எடுத்துவிட்டதால் இந்தப் பேரேடு மனதைவிட்டுப் போய்விடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கோவிலுக்குப் போகிறவர்களும் ஞாயிறு பூசையை வரவிலும் சனிக்கிழமை இரவை செலவிலும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இப்படிப் பார்த்தால் விசுவாசம் என்பது தேர்தல் நேரத்துக் கடன் தள்ளுபடி மாதிரிதான் தெரியும். ஒழுங்காகத் தவணை கட்டியவன் ஏமாளி.

இயேசுவின் அப்போஸ்தலரான பவுலின் பேச்சு வேறு இடத்தில் தொடங்குகிறது. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7-இல் அவர் புலம்புகிறார். செய்த குற்றங்களின் பட்டியல் அங்கே இல்லை. செய்கிற ஆளின் விருப்பமே எங்கோ கோணிப்போயிருக்கிறது என்பதுதான் அவர் கண்டது. கிறிஸ்தவ மரபு பாவம் என்று முதலில் சொல்வது இந்தக் கோணலை. பொய், திருட்டு, கொலை எல்லாம் அதிலிருந்து புறப்படுகிறவை.

வட ஆப்பிரிக்காவில் 354-இல் பிறந்த அகுஸ்தீன் இதற்குத் தன் சிறுவயதிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்தார். 16 வயதில் சகாக்களோடு சேர்ந்து இரவில் ஒரு மரத்துப் பேரிக்காய்களை உலுக்கித் திருடியிருக்கிறார். பசியில்லை. அதைவிட நல்ல பழம் வீட்டிலேயே இருந்தது. திருடியதைப் பன்றிகளுக்கு வீசிவிட்டு வந்தார்கள். பிறகு ஆயராக இருந்தபோது அவரைக் குடைந்தது பழத்தின் விலை அல்ல. தப்பு என்று தெரிந்ததாலேயே அது இனித்ததே, அது ஏன்? பேரேட்டில் எழுதினால் இது ஒன்றரையணா பெறாத திருட்டு. அகுஸ்தீன் பார்த்த கண்ணுக்கு மனிதன் முழுவதும் அதில் தெரிந்தான்.

அவருக்கு எதிர்த்தரப்பில் நின்ற பெலாஜியுஸை வில்லனாக்கத் தேவையில்லை. ரோமில் கிறிஸ்தவர்கள் சோம்பேறிகளாகிக் கிடப்பதைக் கண்டு வெறுத்துப்போன ஒழுக்கவாதி அவர். கடவுள் ஒன்றைச் செய் என்று சொன்னால் மனிதனால் அதைச் செய்ய முடியும் என்றுதானே அர்த்தம், முயற்சி செய் என்றார். நம்மில் பலர், உள்ளபடி கேட்டால், பெலாஜியுஸ் கட்சிதான். திருச்சபை அவரை ஏற்கவில்லை. 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் அவருடைய போதனையைக் கண்டித்தது. கடவுளின் அருள் முந்திக்கொண்டு வராவிட்டால் மனிதனால் கடவுள் பக்கம் திரும்பக்கூட முடியாது என்பது மேற்கத்தியக் கிறிஸ்தவத்தின் பொதுச்சொத்தானது. கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டுகள் இருவரும் நிற்பது இந்த ஒரே தரையில்தான்.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது ரொம்ப அந்நியமாக இருக்காது. செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டிக்கிடக்கும் ஆணவ மலம் என்கிறார்களே, அதுவும் வினைக்கணக்கு தொடங்குவதற்கு முன்பே இருக்கும் ஒன்று. முயற்சியால் மட்டும் கழற்ற முடியாது, அருள் வேண்டும் என்பதும் அங்கே உண்டு. வித்தியாசம் பெரியதுதான். ஆணவம் அநாதி, தொடக்கமில்லாதது. கிறிஸ்தவத்தில் படைப்பு நல்லதாக இருந்தது, கோணல் பிறகு வந்தது. ஆதாமின் கதை அதைத்தான் சொல்கிறது. அந்தக் கோணல் எப்படி எல்லோருக்கும் வந்தது என்பதில் சபைகளுக்குள் ஒருமனம் கிடையாது. கத்தோலிக்கர் அதை ஜென்மப் பாவம் என்பார்கள்; ஆனால் அது ஒரு நிலைதான், குழந்தை தானே செய்த குற்றமில்லை என்று அவர்களுடைய ஞானோபதேசமும் தெளிவாகச் சொல்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் மரணமும் பலவீனமும் வந்து சேர்ந்தன, ஆதாமின் குற்றப்பழி வரவில்லை என்பார்கள். மனிதன் முழுக்கக் கெட்டவன் என்று புரொட்டஸ்டண்டுகளில் கால்வின் வழியினர் சொல்வதையும் பலர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் எவ்வளவு கெட்டவராக இருக்க முடியுமோ அவ்வளவு கெட்டவர் என்று அதற்குப் பொருள் இல்லை. அறிவு, ஆசை, மனச்சாட்சி, பக்தி எதையும் அந்தக் கோணல் விட்டுவைக்கவில்லை என்றுதான் பொருள். பக்தியையும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

லூக்கா 18-இல் வரும் கதை அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. தேவாலயத்தில் இரண்டு பேர். மதச்சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடிக்கும் பரிசேயன் வாரத்தில் இருமுறை உபவாசம், வருமானத்தில் தசமபாகம் என்று தன் வரவுகளை ஒப்பிக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே செய்தவன். ஆயக்காரன் அந்நிய அரசுக்காகச் சொந்த ஜனங்களிடம் வரி பிடுங்குகிறவன், நிஜமான அயோக்கியன். அவன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்கிறான், அவ்வளவுதான். அவனே நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான் என்கிறார் இயேசு. முதலாமவனிடம் குறை உபவாசத்தில் இல்லை. அதைக் காட்டிப் பக்கத்தில் நிற்பவனைக் குறைத்துப் பார்த்ததில் இருக்கிறது.

இதிலிருந்து பதினாறாம் நூற்றாண்டுச் சண்டைக்குப் போகலாம். மார்ட்டின் லூத்தர் அகுஸ்தீன் சபைத் துறவி. மணிக்கணக்காகக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்துவிட்டு, எதையாவது விட்டுவிட்டோமோ என்று திரும்பி வருகிறவர். "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற ரோமர் முதல் அதிகார வசனம் அவருக்கு விடுதலையானது. கடவுளுடைய நீதி என்பது அவர் நம்மிடம் வசூலிக்கும் நீதி அல்ல, கிறிஸ்துவினிமித்தம் அவர் நமக்குக் கொடுக்கும் நீதி என்று புரிந்துகொண்டார். 1517 அக்டோபர் 31-ஆம் தேதி அவர் விட்டன்பர்க்கில் வெளியிட்ட 95 கருத்துகள் நேரடியாகத் தாக்கியது பலன் சீட்டு வியாபாரத்தை. காசு கொடுத்தால், மோட்சத்துக்கு முன் ஆன்மா சுத்தமாகும் உத்தரிக்கிற ஸ்தலத்துத் தண்டனை குறையும் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பங்கு ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் போனது. அந்த வியாபாரத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையே பிறகு நிறுத்தியது. 1567-இல் போப்பாண்டவர் ஐந்தாம் பத்திநாதர் காசு சம்பந்தப்பட்ட பலன்களை எல்லாம் ரத்து செய்தார்.

இந்தக் கடைசித் தகவல் மும்பையில் பயன்படும். செப்டம்பரில் பாந்த்ரா மவுண்ட் மேரி திருவிழாக் கடைகளில் மெழுகில் செய்த கை, கால், வீடு, குழந்தை எல்லாம் விற்பார்கள். கால் வலிக்காரர் மெழுகுக் கால் வாங்கி மாதாவுக்கு வைப்பார், வீடு வேண்டுகிறவர் மெழுகு வீடு. இதைப் பார்த்துவிட்டு நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) புரொட்டஸ்டண்டுகளும் பெந்தெகொஸ்தே சபையினரும், பார், கிரியையால், அதாவது தங்கள் செயல்களால், மோட்சம் வாங்குகிறார்கள் என்பார்கள். இது தப்பான குற்றச்சாட்டு. அது நேர்ச்சை. கேட்கிற வேண்டுதலும் கிடைத்ததற்கு நன்றியும்தான் அதில் இருக்கின்றன; பாவத்துக்கு விலை என்று எந்தக் கத்தோலிக்கப் போதனையும் அதைச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில், லூத்தர் தரப்புக்குப் பதிலாகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13-இல் வெளியிட்ட தீர்ப்பின் முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களால் நீதிமானாகலாம் என்பவன் சபைக்குப் புறம்பு என்கிறது. நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் ஒருவர் செய்யும் எதுவும், விசுவாசம்கூட, அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்றும் சேர்த்தே சொல்கிறது.

மறுபக்கத்துக் குற்றச்சாட்டும் இதே அளவுக்குத் தப்பு. "அவங்களுக்கு என்ன, கையைத் தூக்கி ஒரு ஜெபம் சொன்னா ரட்சிப்பு, அப்புறம் எப்படி வேணா இருக்கலாம்" என்று ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீடுகளில் சொல்வார்கள். லூத்தர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, அதனால் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்கிறார். 1738 மே 24-ஆம் தேதி லண்டனில் அதை ஒருவர் வாசிக்கக் கேட்டுத்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மனம் அனல் கொண்டது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியது பவுலுக்கு எதிரானது போலத் தோன்றும். இருவரும் வேறு வேறு ஆட்களோடு வாதாடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் பெரிய முரண் இல்லை. ஒருவர் கிரியையை நுழைவுச்சீட்டாக நீட்டுகிறவனோடு, இன்னொருவர் வாயால் மட்டும் நம்புகிறவனோடு.

அப்படியானால் சண்டை எதைப் பற்றி? நிஜமான வித்தியாசம் ஒன்று உண்டு, அதை மழுப்பக் கூடாது. லூத்தர் வழியில் நீதிமானாக்கப்படுதல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. குற்றவாளி குற்றவாளியாகவே நிற்கும்போது, கிறிஸ்துவின் நீதி அவன் பேரில் எண்ணப்பட்டு விடுதலையாகிறான். உள்ளே மாற்றம் பிறகு நடக்கும். அதற்குப் பரிசுத்தமாகுதல் என்று தனிப்பெயர். விசுவாசி சாகும்வரை ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்தான். கத்தோலிக்கப் போதனையில் தீர்ப்பும் சிகிச்சையும் ஒன்றுதான். கடவுள் நீதிமான் என்று சொன்னால் அந்த ஆளை உள்ளுக்குள் அப்படி ஆக்கிக்கொண்டே சொல்கிறார். அருளால் மனிதனும் அதற்கு ஒத்துழைக்கிறான், அது வளரும், அருளையே சாகடிக்கும் சாவான பாவத்தால் இழக்கவும் கூடும்.

தாராவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாட்டுங்கா. அங்கே உள்ள வைணவக் குடும்பங்களுக்கு இந்த வாதம் உடனே பிடிபடும். கடவுள் உயிரைக் காக்கும் விதத்துக்கு அவர்களிடம் இரண்டு உவமைகள் உண்டு. குட்டியைத் தாய்ப்பூனை வாயில் கவ்விப் போகும், குட்டி எதுவும் செய்வதில்லை. இது தென்கலை. குரங்குக்குட்டி தாயைத் தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இது வடகலை. லூத்தரைப் பூனைக் கட்சியில் சேர்ப்பது சுலபம். கத்தோலிக்கரைக் குரங்குக் கட்சி என்று மொத்தமாகத் தள்ள முடியாது. குட்டி பிடிக்கிறது சரி, பிடிக்கும் கைக்கு வலுவே தாய் கொடுத்ததுதான் என்பார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது இந்த வித்தியாசம் இல்லை, விசுவாசமே ஒரு புதுக் கிரியையாகிவிடுவதுதான். "நீங்க எந்த வருஷம் ரட்சிக்கப்பட்டீங்க பிரதர்?" என்று கேட்கும் சபைகளில், தேதி சொல்ல முடியாதவர் இரண்டாந்தரம். நோய் தீராத அக்காவிடம், உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேரேடு மூடப்படவே இல்லை, உபவாசம் இருந்த பக்கத்தில் விசுவாசம் என்று எழுதியாயிற்று. பவுல் சொன்ன விசுவாசம் செலவழிக்கும் காசு அல்ல. ஆபிரகாம் வாக்கை நம்பினான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று ஆதியாகமம் 15-ஐ எடுத்துக்காட்டும்போது, ஆபிரகாமிடம் கையில் எதுவும் இல்லை என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இனி அந்த நண்பரின் கேள்வி. மத்தேயு 20-இல் இயேசு சொல்லும் உவமையை மும்பைக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. காலையில் நாக்காவில் போய் நின்று கூலிக்கு ஆள் எடுக்கிறவருக்காகக் காத்திருப்பது இங்கே தினசரிக் காட்சி. திராட்சத்தோட்டக்காரர் விடியற்காலையில் சிலரைக் கூட்டிப்போகிறார், பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை என்கிறார்கள். ஒரு மணி நேரம் வேலை செய்த அவர்களுக்கும் முழு நாள் கூலி. காலையில் வந்தவன் கத்துகிறான், அவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசு குறையவில்லை என்றாலும். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று முதலாளி திருப்பிக் கேட்கிறார். நாக்காவில் ஐந்து மணிவரை ஆள் எடுக்கப்படாமல் நின்றவனின் வீட்டில் அன்று அடுப்பு எரியாது என்று தெரிந்தவர்களுக்கு, முழுக்கூலி அநியாயமாகத் தெரிவதில்லை. கள்ளனுக்கு வாக்கு கிடைத்தது அவனுடைய கடைசி வாக்கியத்துக்குக் கூலியாக இல்லை. அவனும் வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோகட்டும் என்று நினைக்கிறவர் கொடுத்தார்.

"எங்க அப்பா" என்ற பாதிக்கு எல்லாச் சபைகளும் ஒரே பதிலைத் தருவதில்லை. கிறிஸ்துவின் பெயரை வாயால் அறிக்கையிடாதவர்களுக்கு வழியில்லை என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் உண்டு. தங்கள் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, மனச்சாட்சியின்படி கடவுளைத் தேடி வாழ்கிறவர்களும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது, அதுவும் அருளினாலேயே என்ற நிபந்தனையோடு. எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். தன்னையே பாவி என்று ஒப்புக்கொண்டு கிருபையால் உள்ளே வந்தவன், வாசலில் நின்று அடுத்தவருடைய அப்பாவுக்குத் தீர்ப்பு எழுத உரிமையுள்ளவன் இல்லை. அவன் பரிசேயனின் இடத்தில் போய் நின்றுகொள்கிறான்.

இந்தப் போதனையை நாம் செத்தபின் எங்கே போவோம் என்பதோடு மட்டும் கட்டிவைத்ததில் ஒன்றை இழந்திருக்கிறோம். ரோமர் நிருபத்துக்கு முன்பே கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் இதைச் சொல்கிறார், அது எந்தச் சந்தர்ப்பத்தில் என்று பார்க்க வேண்டும். அந்தியோகியாவில் ஒரு பந்தித் தகராறு. பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகினார். பர்னபாவும் கூடப்போனார். பவுல் எல்லோர் முன்னும் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார், நியாயப்பிரமாணத்தின் (யூதர்களின் மதச்சட்டத்தின்) கிரியைகளினாலே எவரும் நீதிமானாக்கப்படுவதில்லை என்ற வாக்கியம் அந்தச் சூட்டில் வருகிறது. பைபிள் அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ் 1977-இல் அக்கால யூத சமயத்தைப் புதிதாக ஆராய்ந்த பிறகு, பல அறிஞர்கள் இந்தப் பக்கத்தை அழுத்திச் சொல்லி வருகிறார்கள். கிரியைகள் என்று பவுல் அங்கே குறிவைத்தவற்றில் விருத்தசேதனமும் உணவு விதிகளும் முன்னே நிற்கின்றன. யார் யாரோடு உட்காரலாம் என்று பிரிக்கும் அடையாளங்கள் அவை. எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் தமிழர்களுக்கு இது சுருக்கென்று தைக்க வேண்டும். "வித்தியாசமே இல்லை, எல்லாரும் பாவஞ்செய்து" என்று வாசித்துக்கொண்டே, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே கோவிலுக்குள் சுவர் வைத்திருந்தார்கள். அது இடிந்தது 1910-இல். தாராவிக்குப் பிழைக்க வந்தபோது அங்கிருந்து பெட்டியோடு சாதியும் ரயிலேறியது. இன்றைக்கும் வரன் தேடும் விளம்பரத்தில் ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா என்பதற்கு அடுத்த சொல் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் நம் மக்களிடம் இந்த ஐரோப்பியச் சண்டை இரண்டு தவணையில் வந்தது. முத்துக்குளித்துறைக்குக் கத்தோலிக்க மிஷனரி சவேரியார் வந்தது 1542-இல், திரெந்து கூடுவதற்கு மூன்று வருடம் முன்பு. லூத்தர் வழி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். பாளையங்கோட்டைக்குப் புரொட்டஸ்டண்டு மிஷனரி ரேனியஸ் 1820-இல் வந்தார். கடற்கரை ஆர்.சி.யாகவும் பனங்காட்டு ஊர்கள் பலவும் புரொட்டஸ்டண்டாகவும் இருந்ததால் அங்கே ஊருக்கு ஒரு சபை என்று காலம் போனது. மும்பைச் சந்துகளில் இரண்டும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது, பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போனார்கள், காதலித்தார்கள்.

ஐரோப்பாவில் சண்டை போட்டவர்கள் இதற்குள் ஓரளவு சமாதானமாகிவிட்டார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையினாலேயே ஏற்கப்படுகிறோம். அந்த அருளே நற்செயலுக்கு நம்மை அனுப்புகிறது என்பது அதன் சாரம். இந்த அறிக்கையில் உள்ளவரைக்கும் பழைய கண்டனங்கள் எதிர்த்தரப்பைப் பிடிக்காது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். 2006-இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள், 2016-இல் ஆங்கிலிக்கன்கள் அதன் சாரத்தை ஏற்றார்கள், 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்தது. தாராவியில் இதைப் பற்றி யாரும் பிரசங்கம் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

கேட்டிருந்தாலும் ஒரு விஷயம் மாறியிருக்காது. ஆர்.சி. பெண், சி.எஸ்.ஐ. பையன் என்று ஒரு கல்யாணம் முடிவானால் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும், பிள்ளைகளைத் தன்னால் முடிந்தவரை கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை கணவன் மனைவியோடு பூசைக்குப் போனால் அவனுக்கு நற்கருணை அப்பம் கிடையாது. நீதிமானாக்கப்படுதலில் உடன்பாடு வந்துவிட்டதே என்று கேட்டால், தடை அதில் இல்லை, குருத்துவத்திலும் நற்கருணை பற்றிய விசுவாசத்திலும் இருக்கிறது என்று ஃபாதர் விளக்குவார், அது சரியான விளக்கமும்கூட. அவன் சபையில் திருவிருந்துக்கு அவளை அழைப்பார்கள், ஆனால் அவளுடைய திருச்சபை அவளைப் போக விடாது. எந்தத் தகுதியும் இல்லாமல் ஏற்கப்பட்டவர்கள் என்று இருவருடைய சபைகளும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஒரே பந்தியில் உட்காருவது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.